சொற்செல்வம் திரட்டிய சான்றோர்
மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் தமிழ் கற்ற வரலாறு



பொருட்செல்வம் திரட்டினாருடைய சரித்திரங்களை நாம் பலகாற் கேட்டிருக்கின்றோம். சொற்செல்வம் திரட்டினாருடைய சரித்திரத்தைக் கேட்பது அரிது. பொருள் ஈட்டுவோன் நிலம் வாங்குகின்றான், வீடு கட்டுகின்றான், அவன் ஈட்டியது ஊரார் கண்ணுக்குப் புலப்படும். சொல் ஈட்டுவோன் ஈட்டியதோ அவன் நாவினும் நெஞ்சினும் மறைந்து நிற்கும். அது வெளிப்படுங் காலத்து, ஒரு குடும்பத்திற்கு மாத்திரமன்றி ஒரு நாட்டிற்கே பயன்படுவதும் உண்டு. அங்ஙனம் பயன்பட்ட பெருஞ்செல்வர் ஒருவரது இளமைக் கல்வியைப் பற்றிச் சில கூறுவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

இவ்வரலாறு நம் செந்துறைப் பக்கத்தார்க்குச் சிறப்பாக உரியது. செந்துறையை நடுவே வைத்துச் சுற்றிலும் நோக்குவோமாயின், தென்மேற்கே அரியலூரும், தென்கிழக்கே உடையார்பாளையமும், மேற்கே குன்னமும், அதற்கு அப்பாற் பெரம்பலூரை அடுத்துச் செங்கணமும் உள்ளன. பிற்காலத்தில் தமிழ்த் தாத்தா என்று உலகம் போற்றிய ஐயரவர்கள் சிறுவராயிருந்து தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தது இந்த வட்டாரத்திலேதான். ஆயினும் அவரை உத்தமதானபுரத்தோடும், கும்பகோணத்தோடும், சென்னையோடும் சேர்த்து நினைக்கும் நம்மவருட் பலர், குன்னத்தையும் செங்கணத்தையும் நினைப்பதில்லை.

பிறப்பும் குடும்ப நிலையும்

சாமிநாதையரவர்கள் 1855-ஆம் வருஷம் பெப்ரவரி மாதம் 19-ஆம் தேதி, தம் தாயார் பிறந்த ஊராகிய சூரியமூலையில் அவதரித்தனர். தந்தையார் ஊர் கும்பகோணத்தை அடுத்த உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர், தாயார் சரசுவதியம்மாள். இவருக்கு இடப்பெற்ற பெயர் வேங்கடராமன் என்பது. வீட்டில் வழங்கியது சாமிநாதன் என்பது.

வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். உடையார்பாளையம் ஸமஸ்தானத்தில் விளங்கிய கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். ஊர்தோறும் சென்று இராமாயணக் கதையை இசையோடு பிரசங்கம் செய்வது அவர் தொழில். அத்தொழிலால் வந்த நெல்லும் காசும் குடும்பத்தை ஒருவாறு தாங்கினவேயன்றி, ஓரிடத்தில் நிலைத்து வாழும் வசதியைத் தரவில்லை. தம் குமாரரும் இசையில் வல்லவராக வேண்டுமென்பது தந்தையார் கருத்து. குமாரருக்கோ தமிழின்மேல் ஆசை பெருகிற்று. ஆங்கிலங் கற்றார்க்கு உத்தியோகமும், வடமொழி கற்றார்க்கு மதிப்பும், இசை கற்றார்க்குச் சன்மானமும் கிடைத்த அக்காலத்தில், தமிழ் மாத்திரம் கற்பவன் எவ்வாறு பிழைப்பான் என்று உற்றார் கவலையுற்றது இயல்பே. எனினும் அத்தந்தையார் மகனுடைய விருப்பத்தைத் தடுத்திலர். தமிழ் சொல்லிக் கொடுப்பார் எந்த ஊரில் இருக்கின்றாரென்று விசாரித்து, அந்த ஊருக்கே குடும்பத்தைப் பெயர்த்துக்கொண்டு சென்றனர். இராமாயணப் பிரசங்கம் எங்கே நடக்குமென்பதைவிட, மகனுக்குப் பாடம் எங்கே நடக்குமென்பதே அவருக்கு முதன்மையாயிற்று.

அரியலூரும் குன்னமும்

அரி இருக்கும் ஊராதலின் அரியிலூர் என வழங்கியது அரியலூராயிற்று என்பர். அரியென்னும் அச்சொல் ஒன்றே திருமாலையும், சிங்கத்தையும், குதிரையையும், வண்டையும், வேறு பல பொருள்களையும் குறிக்கும். அப்பல பொருள்களையும் இளைஞன் ஒருவன் எங்ஙனம் அறிந்துகொள்வது? வெறும் பட்டியலாக மனப்பாடம் செய்யலாம்; அல்லது செய்யுளுக்குள் புகுந்து, இவ்விடத்து அரி என்றது யாது, அவ்விடத்து அரி என்றது யாது என்று ஆராய்ந்து தெளியலாம். சாமிநாதையரவர்கள் இவ்விரு வழிகளையுங் கைக்கொண்டனர். ஆனால் இரண்டாவது வழியின் இன்பத்தை அவருக்கு முதன் முதலிற் காட்டியவர் அரியலூர்ச் சடகோப ஐயங்கார். அவர் இசையிலும் தமிழிலும் ஒருங்கே வல்லவர். ஒரு பாட்டை முதலில் இசையோடு சொல்லி, பிறகு சொற்பிரித்துப் பொருளுரைக்குங்கால், கேட்கும் சிறுவனுக்குச் சொல்லின் ஓசையும் பொருளும் ஒன்றாய்ப் பதிந்தன. தமிழில் தமக்குச் சுவை பிறப்பித்த முதல் ஆசிரியர் இவரே என்பதை ஐயரவர்கள் முதுமையிலும் நன்றியோடு எழுதி வைத்தனர்.

பின்பு குடும்பம் குன்னத்திற்குச் சென்றது. அங்கே சிதம்பரம் பிள்ளை என்பவரிடம் திருவிளையாடற் புராணம் பாடங் கேட்டனர். கார்குடிக் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூல் இலக்கணம் பயின்றனர். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை கற்றனர். ரெட்டியார் பெரிய பண்ணைக்குரியவர். வேளாண்மையை மேற்பார்த்துக்கொண்டே இலக்கணமும் கற்றுத் தேர்ந்தவர். அவர் தமக்குத் தெரிந்தவற்றை ஒளியாது கற்பித்ததோடு நில்லாது, இதற்குமேற் கற்க வேண்டுமாயின் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடமே போகவேண்டுமென்று வழியுங் காட்டினர். தம்மிலும் பெரியார் ஒருவரை மாணாக்கனுக்குச் சுட்டிக் காட்டுதல் எல்லா ஆசிரியர்க்கும் இயல்வதன்று.

நம் போன்ற சாதிச் சங்கத்தார் நின்று நோக்கவேண்டிய இடம் இது. அந்தணச் சிறுவர் ஒருவருக்கு ஐயங்காரும், பிள்ளையும், ரெட்டியாரும் ஆசிரியராயினர். கற்பித்தவர் எக்குலத்தாரென்று கற்றவர் பார்த்திலர். கற்பவர் எக்குலத்தாரென்று கற்பித்தவரும் பார்த்திலர். கதை கேட்ட ஊரார் கொடுத்த நெல்லும் ஒரு குலத்தார் நெல்லன்று. இங்ஙனங் கூறுவதனால் அக்காலத்தில் எல்லார்க்கும் இக்கல்வி எட்டியது என்று நினைத்தல் கூடாது. ஏடு தொடவும் திண்ணையில் அமரவும் இடம் பெறாத சிறுவர் இதே ஊர்களிற் பலர் இருந்தனர். பெண்மக்களோ பெரும்பாலும் வீட்டோடு நின்றனர். கதவு திறந்த இடத்தில் இத்துணைப் பயன் விளைந்ததாயின், எல்லாக் கதவுகளும் திறந்திருப்பின் எத்துணைப் பயன் விளைந்திருக்குமென்று நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நிகண்டும் நூற்பயிற்சியும்

இக்காலத்து மாணாக்கர் அருஞ்சொல்லுக்கு அகராதியைப் புரட்டுகின்றனர், கைப்பேசியிலும் தேடுகின்றனர். அக்காலத்தில் அகராதி நெஞ்சுக்குள் இருத்தல் வேண்டும். அதன்பொருட்டு ஏற்பட்டதே நிகண்டு. மண்டலபுருடர் செய்த சூடாமணி நிகண்டு பன்னிரண்டு தொகுதிகளையுடையது. தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர், இடப்பெயர் என்று தொடங்கிப் பதினோராவது தொகுதியில் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தொகுத்துக் கூறும். செய்யுளாக அமைந்திருத்தலின் சிறுவர் எளிதில் நெட்டுருச் செய்வர். ஐயரவர்களும் இளமையிலேயே நிகண்டை மனப்பாடம் செய்திருந்தனர்.

ஆயினும் நிகண்டு விதைக் கோட்டை போன்றது. கோட்டையிலிருக்கும் விதை முளைப்பதில்லை. வயலில் விழுந்தே முளைக்கும். சொல்லுக்கு வயலாவது நூல். மா என்பது மரமும், விலங்கும், குதிரையும், திருமகளும், நில அளவும் ஆமென்று நிகண்டு பயின்றவன் சொல்லுவான். ஒரு செய்யுளில் அச்சொல் வந்த வழி, முன்னும் பின்னும் உள்ள சொற்களை நோக்கி, ஈண்டுப் பொருந்துவது இதுவேயென்று துணிபவனே அச்சொல்லுக்கு உரியவனாகின்றான். இத்துணிவு நூல்களை ஆசிரியர்முன் இருந்து பாடங் கேட்பதனால் வருவது.

1871-ஆம் வருஷம், தமது பதினேழாம் பிராயத்தில், ஐயரவர்கள் மாயூரஞ் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களுக்கு மாணாக்கராயினர். வேங்கடராமன் என்னும் பெயரினும் சாமிநாதன் என்பதே நன்றென்று பிள்ளையவர்கள் கருத, அதுவே நிலைத்தது. பிள்ளையவர்கள் பொருள் பெறாது பாடஞ் சொல்லியவர். உண்டியும் இடமும் இல்லாத மாணாக்கர்க்கு அவற்றையும் தேடிக் கொடுத்தவர். அவரிடத்தில் ஐயரவர்கள் நைடதமும், அந்தாதிகளும், பிள்ளைத்தமிழ்களும், கோவைகளும், புராணங்களும், பிறவுமாக அளவிறந்த நூல்களைக் கற்றனர்.

இவற்றுள் யமக அந்தாதியும் திரிபந்தாதியும் சொற்பயிற்சிக்குப் பெருந்துணையாவன. ஒரே எழுத்துத் தொடர் அடிதோறும் வரும்; ஆனால் ஒவ்வோரடியிலும் வெவ்வேறு வகையாகப் பிரிந்து வெவ்வேறு பொருள் தரும். பிரிக்கத் தெரியாதவனுக்கு அது வெறும் ஓசை. பிரிக்கத் தெரிந்தவனுக்கு நான்கு அடியும் நான்கு கருவூலம். இத்தகைய நூல்களிற் பழகியவன் சொல்லை முழுதாக விழுங்குவதில்லை. மூட்டுமூட்டாகக் கழற்றி ஆராய்கின்றான்.

இன்னும் ஒன்று. பிள்ளையவர்கள் புராணங்கள் இயற்றுங்கால் ஏட்டில் தாமே எழுதுவதில்லை. செய்யுட்களைச் சொல்லிக்கொண்டே போக, அருகிலிருப்பார் எழுதுவர். அந்த ஏடெழுதும் பணி ஐயரவர்களுக்குப் பலகாற் கிடைத்தது. ஒரு பெருங்கவிஞர் சொற்களைத் தேர்ந்து வைப்பதை அக்கணமே செவியாற் கேட்டுக் கையால் வரைவதினும் மேலான சொற்பாடம் வேறு யாது? 1876-ஆம் வருஷம் பெப்ரவரி 1-ஆம் தேதி பிள்ளையவர்கள் இறைவனடி சேரும் வரையில் இப்பயிற்சி தொடர்ந்தது.

கற்ற புராணம் கடன் தீர்த்தது

கல்வியால் வயிறு நிறையாத நாட்களும் அவருக்கு வந்தன. 1868-ஆம் வருஷம் நடந்த விவாகத்தின் பொருட்டு ஏற்பட்ட கடன் குடும்பத்தை அழுத்திற்று. அதனைத் தீர்க்கும் வழி தேடிய ஐயரவர்கள் மீண்டும் நம் வட்டாரத்திற்கே வந்தனர். பெரம்பலூர்ப் பக்கத்துக் காரை என்னும் ஊரில், கிருஷ்ணசாமி ரெட்டியார் என்னும் செல்வர் ஆதரிக்க, திருவிளையாடற் புராணத்தைப் பிரசங்கஞ் செய்தனர். குன்னத்துத் திண்ணையிற் கற்ற அதே புராணம், சில ஆண்டுகட்குப்பின் அண்டை ஊரிற் கடனைத் தீர்க்க உதவிற்று. அருஞ்சொற்களையுடைய செய்யுட்களை உழவரும் பெண்டிரும் சிறுவரும் கூடிய அவைக்கு விளங்கச் சொல்லுதல் எளிதன்று. தனக்கு விளங்கியது பிறர்க்கு விளங்கும்படி சொல்ல முயலும்போதே, தனக்கு விளங்காதது யாதென்பதும் தெரியவரும். ஆதலின் கடன் தீர்ந்ததோடு கல்வியும் தெளிந்தது.

இருபத்தைந்தாம் வயதில் ஒரு வினா

1880-ஆம் வருஷம் பெப்ரவரி மாதத்தில், தியாகராச செட்டியாரவர்கள் ஓய்வு பெறுங்கால் தம் இடத்திற்கு ஐயரவர்களைப் பரிந்துரைக்க, கும்பகோணம் காலேஜில் மாதம் ஐம்பது ரூபாய்ச் சம்பளத்தில் தமிழாசிரியராக அமர்ந்தனர். நூல் பல கற்றவர், நல்லாசிரியரிடங் கற்றவர், உத்தியோகமும் வாய்ந்தது. வேறொருவராயின் இனிக் கற்பதற்கு யாதுளது என்று அமைதியுற்றிருப்பர்.

அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரவர்களை ஐயரவர்கள் சந்தித்தனர். முதலியார் அரியலூரிலிருந்து கும்பகோணத்திற்கு முன்சீபாக மாற்றப்பெற்று வந்தவர். என்னென்ன நூல்கள் கற்றீரென்று அவர் வினவ, ஐயரவர்கள் தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணங்களையெல்லாம் வரிசையாகக் கூறினர். முதலியார் வியப்படைந்திலர். இவையெல்லாம் பிற்காலத்து நூல்களாயிற்றே, இவற்றிற்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டனர். சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்னும் பெயர்களைச் சொல்லி வினவினர். ஐயரவர்கள் அவற்றைப் படித்ததில்லை, புத்தகங்களும் கிடைக்கவில்லையென்றனர். முதலியார் சிந்தாமணிப் பிரதியொன்றை அவர் கையிற் கொடுத்து, அதனைத் தமக்குப் பாடஞ் சொல்லும்படி வேண்டினர்.

ஏட்டைப் பிரித்துப் படித்தபோது, நிகண்டும் அந்தாதியும் புராணமும் கற்ற அப்பெரும்புலவருக்கே பல இடங்கள் விளங்கவில்லை. சொல் தெரியும், வழக்குத் தெரியாது. வழக்குத் தெரிந்தால் சமயக் கருத்துத் தெரியாது. அவ்விடத்தில் அவர் ஏட்டை மூடி வைத்திருந்தால், தமிழின் நிலை யாதாயிருக்கும்? பழைய ஏடுகள் அக்காலத்திற் செல்லுக்கும், ஆற்று வெள்ளத்திற்கும், நெருப்பிற்கும் இரையாகிக்கொண்டிருந்தன. சொல் விளங்காத நூலை எவரும் படியார். படியாத நூலை எவரும் படியெடார். படியெடாத ஏடு மூன்று நான்கு தலைமுறைக்குள் மண்ணாகும். அருஞ்சொல் மறப்பது சிறு குறைபோலத் தோன்றினும், அதன் முடிவு நூலின் மரணமே.

சொல்லைத் தேடிய வழிகள்

ஐயரவர்கள் ஏட்டை மூடினாரில்லை. சிந்தாமணி சமண காவியமாதலின் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குச் சென்று, சந்திரநாத செட்டியார் முதலியோரிடம் அச்சமயக் குறியீடுகளைக் கேட்டறிந்தனர். நச்சினார்க்கினியர் உரையைத் திரும்பத் திரும்பப் பயின்றனர். அவ்வுரையில் நூற்பெயர் கூறப்படாமல் வரும் மேற்கோள்கள் எங்கிருந்து வந்தனவென்று தேடினர். அத்தேடலே பத்துப்பாட்டு, எட்டுத்தொகை முதலிய பழைய நூல்களின் வாயிலைத் திறந்தது. மணிமேகலையிற் பௌத்தச் சொற்கள் இடர்ப்படுத்தியபோது, காலேஜில் உடனிருந்த மளூர் ரங்காசாரியார் அச்சமய நூல்களைப் படித்து விளக்க, உடனிருந்து தெளிந்தனர்.

படித்தாரிடத்தில் மாத்திரம் அவர் சொல்லைத் தேடவில்லை. இடையன் வெட்டிய மரத்தைப் பற்றிச் சிந்தாமணியில் ஓருவமை வருகின்றது. அதன் கருத்து நெடுங்காலம் அவருக்குப் புலப்படவில்லை. ஆட்டுக்குத் தழை வெட்டும் இடையர், கிளையை முற்றும் துணித்து விடாமல், ஒரு பட்டையில் தொங்கும்படி பாதி வெட்டி விடுவர். ஆடு தழையைத் தின்னும், கிளையோ முழுதும் வாழாமலும் முழுதும் சாவாமலும் நிற்கும். நாட்டுப்புறத்தார் சாதாரணமாக வழங்கிய ஒரு பழமொழியால் இது தெரியவர, காவியத்தின் உவமை பளிச்சென்று விளங்கிற்று. எந்த நிகண்டிலும் இல்லாத பொருள் ஆடு மேய்ப்பவர் வழக்கில் இருந்தது.

குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்கள் அடுக்கி வருகின்றன. பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முயன்றபோது, அவருக்குக் கிடைத்த ஏடுகளில் அப்பகுதி சிதைந்து சில பூக்களின் பெயர்கள் காணப்படவில்லை. சிலவே குறைகின்றன, போகட்டும் என்று அவர் விட்டிலர். தருமபுரம் ஆதீனத்து ஏட்டுச் சுவடிகளிலே தேடி, உதிர்ந்த அப்பெயர்களைக் கண்டெடுத்துச் சேர்த்தனர்.

இங்ஙனம் பாடுபட்டுச் சீவகசிந்தாமணியை 1887-இலும், பத்துப்பாட்டை 1889-இலும், சிலப்பதிகாரத்தை 1892-இலும், புறநானூற்றை 1894-இலும், மணிமேகலையை 1898-இலும் அச்சிட்டு வெளிப்படுத்தினர். பின்னர் ஐங்குறுநூறு, பதிற்றுப்பத்து, பரிபாடல், பெருங்கதை, குறுந்தொகை முதலியனவும் வெளிவந்தன. அவர் பதிப்புக்களிற் காணும் அரும்பத அகராதிகள் கவனித்தற்குரியன. தாம் இருட்டில் தடவிக் கண்ட சொற்களைப் பின்வருவோர் விளக்கொளியிற் காணும்படி, இடஞ்சுட்டி அடுக்கி வைத்தனர்.

அரசாங்கம் 1906-இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், சென்னைச் சர்வகலாசாலை 1932-இல் டாக்டர் பட்டமும் வழங்கின. 1903 முதல் 1919 வரையில் சென்னை மாகாணக் கல்லூரியில் ஆசிரியராயிருந்தனர். ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக எழுதினர். தம் சரித்திரத்தை ஆனந்த விகடனில் எழுதிவந்து, அது நிறைவெய்துமுன் 1942-ஆம் வருஷம் ஏப்ரல் 28-ஆம் தேதி திருக்கழுக்குன்றத்தில் இவ்வுலகை நீத்தனர். அவர் பெயரால் 1943-இல் நிறுவப்பெற்ற நூல்நிலையம் சென்னைப் பெசன்ட் நகரில் அவர் தொகுத்த சுவடிகளைக் காத்து வருகின்றது.

நாம் செய்யத்தக்கன

நம் சங்கத்தார் வீடுகளிற் பிள்ளைகள் படிக்கின்றனர், பரீட்சைகளில் தேறுகின்றனர், அதில் ஐயமில்லை. ஆனால் பாடபுத்தகத்துச் செய்யுளின் பொருளை வினா விடைக்காகப் படித்து, பரீட்சை முடிந்தவுடன் மறந்துவிடுகின்றனர். அருஞ்சொற்பொருட் பட்டியலை மாத்திரம் படிப்பவன் நிகண்டோடு நின்றுவிட்டவன் போல்வான். அவனை வயலுக்கு அழைத்துச் செல்லுதல் பெற்றோர் கடமை.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. இரவு உணவிற்குப்பின் கால்நாழிகை போதும். ஒரு பழைய செய்யுளை ஒருவர் உரக்கப் படிக்கட்டும். மற்றவர் சொற்பிரித்துப் பார்க்கட்டும். விளங்காத சொல்லை ஒரு நோட்டுப் புத்தகத்திற் குறித்து, அது வந்த இடத்தையும் உடன் எழுதட்டும். பொருளை முதலிற் செய்யுளிலேயே தேடி, பின்னரே அகராதியைப் பார்க்கட்டும். வீட்டு முதியோரையும் கேட்கட்டும். ஏர், கலப்பை, மண், மழை, பயிர், கால்நடை ஆகியவற்றைக் குறித்து நம் பாட்டன்மார் வழங்கிய சொற்களிற் பல பழைய இலக்கியச் சொற்களே. அவற்றை நாட்டுப்புறப் பேச்சென்று இகழ்ந்து மறப்போமாயின், நம் பேரர்க்குக் காவியத்தின் உவமைகள் விளங்காமற் போகும்.

சங்கத்தின் சார்பாகவும் ஒரு வேண்டுகோள். தமிழ் நன்கறிந்த ஒருவர் எக்குலத்தாராயினும் அவரை நம் பிள்ளைகட்கு ஆசிரியராக அழைப்போம். நம்மிற் கற்றார் உளராயின், எக்குலத்துப் பிள்ளை வந்து கேட்பினும், ஆணாயினும் பெண்ணாயினும், இல்லையென்னாது சொல்லிக் கொடுப்போம். செங்கணத்து ரெட்டியார் தம் பண்ணையை மேற்பார்த்துக்கொண்டே அயலான் பிள்ளைக்குக் காரிகை கற்பித்தார். அவர் கற்பித்தது யாருக்கென்று அன்று அவருக்கும் தெரியாது, ஊராருக்கும் தெரியாது. இன்று நம் திண்ணையில் வந்து அமரும் பிள்ளை யாராவானென்று நமக்கும் தெரியாது.